வீங்கிய காலில் மெட்டி

நட்ட நடு ரோட்டில் ஒரு மூங்கில் கூடை உருண்டு வந்து விழுந்தது. பஸ்ஸின் முன் கண்ணாடி வழியாக நான் அதைப் பார்த்த நொடி, இன்றைக்கும் கண்ணை மூடினால் அப்படியே வந்து நிற்கிறது. கூடையிலிருந்த கொத்தமல்லிக் கட்டுகள் தார் ரோடெல்லாம் சிதறின. டிரைவர் அண்ணன் பிரேக்கை மிதித்த மிதியில், நின்றுகொண்டு வந்தவர்கள் எல்லாம் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். யாருக்கு என்ன பைத்தியம் என்று அண்ணன் திட்ட வாயைத் திறப்பதற்குள் எனக்கு அந்தக் கூடை அடையாளம் தெரிந்துவிட்டது. விளிம்பில் பழைய சீலைத் துணியைச் சுற்றித் தைத்திருக்கும். கூடைக்காரம்மாவின் கூடை! அதை அந்த அம்மாவே ரோட்டில் வீசியிருக்கிறார் என்றால் ஆகக்கூடாதது ஏதோ ஆகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

அப்போது நான் மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு வழியாகத் தர்மபுரி போகும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கூடைக்காரம்மா என்பது நான் வைத்த பெயர். கண்டக்டர்கள் தினமும் ஏறுகிற ஆட்களுக்கெல்லாம் இப்படி ஒரு பெயர் வைத்துவிடுவோம், அவர்களும் எங்களுக்கு வைத்திருப்பார்கள், அது நம் காதுக்கு வராமல் இருக்கிறவரை நல்லது. விடிந்ததும் விடியாததுமாகத் தோட்டத்தில் கொத்தமல்லியும் கீரையும் பறித்துக் கட்டுப் போட்டு, ரோட்டோரம் வந்து நிற்பார். ஏறியதும் கூடையை நேராக டிரைவருக்குப் பக்கத்தில் என்ஜின் பெட்டிமேல் வைப்பார். அதிலிருந்து தண்ணீர் சொட்டி அண்ணனின் காலை நனைக்கும். நான் பின்னால் வைக்கச் சொல்வேன். பின்னால் வைத்தால் மிதிப்பார்கள் என்பார். மிதிக்க மாட்டார்கள் என்பேன். 'நீயா பறிச்ச, உனக்கென்னா தெரியும்' என்பார். இந்த வசனம் தினமும் நடக்கும். ஒருநாள் அந்த அம்மா வராவிட்டால் எங்களுக்கே டூட்டி பார்த்த மாதிரி இருக்காது. கணவர் போய் வெகுகாலம். ஒரே மகன், லாரி டிரைவர். இங்கே தக்காளி ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரம் வரைக்கும் போய் வருகிறவன். வீட்டில் மாமியாரும் மருமகளும்தான். அந்த மருமகள் அதிகம் பேசாது. மாமியார் ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவார்.

அன்றைக்குப் பேச்சே இல்லை. ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு பஸ்ஸை மறித்து நின்றார். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. நான் படியிலிருந்து குதித்து ஓடினேன். ரோட்டை ஒட்டிய வரப்பில் மருமகள் உட்கார்ந்திருந்தாள். கொத்தமல்லிப் பாத்தியில் குனிந்து பறித்துக்கொண்டிருந்தபோது கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே பாம்பு கடித்துவிட்டது. கண்ணாடி விரியனாகத்தான் இருக்க வேண்டும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பல் பட்ட இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது, நிற்கவில்லை. பாதம் அதற்குள்ளேயே உப்ப ஆரம்பித்திருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் தக்காளிக்குக் குச்சி நட்டுக் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் ஓடி வந்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத்தான் தெரியும், தக்காளி சீசனில் பெண்கள் இடுப்பில் ஒரு கத்தைக் கயிறு எப்போதும் சொருகியிருக்கும். செடியைக் குச்சியோடு சேர்த்துக் கட்டுகிற மெல்லிசான சணல் கயிறு. எது அவிழ்ந்தாலும், எது அறுந்தாலும் கை முதலில் இடுப்புக்குத்தான் போகும். அன்றைக்கும் ஒரு அக்கா அந்தக் கயிற்றை உருவி, மருமகளின் முழங்காலுக்குக் கீழே வைத்து இறுக்கப் போனார். இன்னொருவர் விஷம் ஏறிவிட்டதா என்று பார்க்கப் பச்சை மிளகாயை நீட்டி, கடித்துப் பார், காரம் தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெரியவர் கடிவாயைக் கீறச் சவர பிளேடு யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரித்தார். எல்லோரும் நல்லது செய்யத்தான் நினைத்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கட்டாதீங்க என்று நான் கத்திய கத்தலில் கயிறு வைத்திருந்த அக்கா கையை எடுத்துவிட்டார்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கண்டக்டர் லைசென்ஸ் வாங்க வேண்டுமென்றால் முதலுதவி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். தர்மபுரியில் ஒரு ஹாலில் எங்களை உட்காரவைத்து ஒரு சார் வகுப்பு எடுத்தார். சில்லறை கொடுக்கத் தெரிந்தால் போதாதா, கண்டக்டருக்கு எதற்குடா கட்டுப் போடுகிற வேலை என்று நாங்கள் பின்னால் உட்கார்ந்து சிரித்தோம். அந்த சார் அதைக் கவனித்துவிட்டு என்னை எழுப்பி, போட்டிருந்த மோதிரத்தைக் கழற்றச் சொன்னார். வராது! சோப்பு போட்டார்கள், நூல் சுற்றினார்கள், ஹாலே சிரித்தது. கடைசியில் அது வந்தபோது விரல் சிவந்து கொழுக்கட்டை மாதிரி இருந்தது. 'கை காலில் அடியோ கடியோ, முதல் வேலை மோதிரம், வளையல், கொலுசு. வீங்கின பிறகு அதுவே கயிறு' என்றார். பாம்பு கடித்தால் கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, நடக்கவைக்காதே, எலும்பு முறிந்த காலைப் போல ஆடாமல் வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடு என்றும் அவர்தான் சொன்னார். கட்டு போட்டால் விஷம் நிற்காது, ரத்தம்தான் நிற்கும், கடைசியில் காலே போகும் என்றார். மற்றதெல்லாம் மறந்துபோனாலும் அவமானப்பட்ட பாடம் மறக்குமா?

அவ்வளவுதான் என் படிப்பு. ஆனால் அந்த நேரத்தில் எனக்குள் யாரோ புகுந்துகொண்ட மாதிரி இருந்தது. பாம்பைத் தேடிக் கம்போடு கிளம்பிய ஆளை நிறுத்தி, அது போய்த் தொலையட்டும், தக்காளித் தோட்டத்தில் ரெண்டு குச்சி பிடுங்கி வா என்றேன். என் துண்டையும் இன்னொருவர் துண்டையும் மடித்து மெத்தையாக வைத்து, காலின் ரெண்டு பக்கமும் குச்சியை அணைத்து, ஆடாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் தளர்வாகக் கட்டினோம். உள்ளே விரல் நுழைகிறதா என்று நுழைத்துப் பார்த்தேன். கடித்த இடத்தை யாரையும் தொடவிடவில்லை. ஆம்புலன்ஸுக்குப் பேசினால், வண்டி வந்து திரும்பும் நேரத்தைவிட எங்கள் பஸ் டவுன் ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போய்விடும் என்று தெரிந்தது. அப்படியே கொண்டு வாருங்கள், பாம்புக்கடி வருகிறது என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவைக்கிறோம் என்றார்கள். சாக்கை விரித்து மருமகளை அதில் படுக்கவைத்து, நாலு மூலையையும் பிடித்துத் தூக்கிப் பஸ்ஸுக்குள் கொண்டுபோனோம்.

தனியார் பஸ்ஸில் வேலை செய்தவர்களுக்கு டைமிங் என்றால் என்னவென்று தெரியும். முன்னால் போகிற பஸ் ஒரு நிமிஷம் பிந்தினால் எங்கள் கூட்டத்தை அள்ளிவிடும், நாங்கள் பிந்தினால் பின்னால் வருகிறவன் அள்ளிவிடுவான். ஸ்டாண்டில் சட்டையைப் பிடித்துக்கொள்கிற அளவுக்குச் சண்டை வரும். எங்கள் டிரைவர் அண்ணன் அதில் மகா கறாரான ஆள். ஓடிவருகிற ஆளுக்காக ஒரு நொடி நின்றால் என்னை முறைப்பார். அவர் இன்றைக்கு என்ன சொல்வாரோ என்று நான் திரும்பிப் பார்த்தால், மனுஷன் சீட்டிலிருந்து எழுந்து நின்று பஸ்ஸுக்குள் எல்லோரும் கேட்கும்படி அறிவித்துக்கொண்டிருந்தார். இனி ஆஸ்பத்திரி வரைக்கும் ஸ்டாப் கிடையாது, நடுவில் இறங்க வேண்டியவர்கள் இப்போதே இறங்கிக்கொள்ளலாம் என்றார். ஒருத்தரும் இறங்கவில்லை. அடுத்த ஸ்டாப்பில் இறங்க வேண்டிய ஒரு வாத்தியாரம்மா கூட, போகலாம் போகலாம் என்று கையை ஆட்டினார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

அண்ணன் பட்டப்பகலில் ஹெட்லைட்டைப் போட்டார். ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. அதே சமயம் பள்ளம் வந்தால் தண்ணிக்குடத்தை இறக்கிவைப்பதுபோல அந்தப் பெரிய வண்டியை இறக்கி ஏற்றினார். அந்த ரோட்டில் எந்தப் பள்ளம் எங்கே இருக்கிறதென்று அவர் காலுக்கே தெரியும். ஸ்டாப்புகளில் நின்றவர்கள் கையைக் காட்டி ஏமாந்து, பின்னாலேயே திட்டுவது கேட்டது. ஓசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர் ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டி, முன்னால் போகிற டூவீலர்காரர்களையெல்லாம் 'பேக, பேக', சீக்கிரம் சீக்கிரம் என்று அவர் பாஷையில் விரட்டினார். அப்போதுதான் எங்கள் எதிரி பஸ் முன்னால் தெரிந்தது. சாமியே வந்து கேட்டாலும் எங்களுக்குச் சைடு கொடுக்காத பஸ். நான் படியில் தொங்கிக்கொண்டு, கையில் கிடைத்த ஒரு துணியை வீசி, பாம்பு கடிச்ச பொண்ணு, பாம்பு கடிச்ச பொண்ணு என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவன் கண்ணாடியில் பார்த்தான். மறு பேச்சில்லாமல் மண்ணில் இறக்கி ஒதுங்கி நின்றான். கடக்கும்போது அவனுடைய கண்டக்டர், உங்க ஸ்டாப் ஆளுங்களை நாங்க ஏத்திக்கறோம், நீங்க போங்க என்று கத்தினான். இத்தனை வருஷச் சண்டையில் அவன் எங்களிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான்.

உள்ளே வந்து பார்த்தால் நிலைமை வேறாக இருந்தது. மருமகளை ஒருக்களித்துப் படுக்கவைத்திருந்தோம், வாந்தி வந்தால் புரையேறாமல் இருக்க. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பாதம் இன்னும் பருத்து, தோல் பளபளவென்று மின்ன ஆரம்பித்துவிட்டது. குச்சி கட்டும் அவசரத்தில் விட்டுப்போன கொலுசைக் கழற்றச் சொன்னேன். பக்கத்து சீட்டுப் பெண் திருகை அவிழ்த்துச் சட்டென்று எடுத்துவிட்டார். அடுத்து மெட்டி என்றேன். அவ்வளவுதான், குனிந்து நின்ற பெண்கள் எல்லாம் நிமிர்ந்துவிட்டார்கள்.

அதை எப்படிச் சொல்வது? கல்யாணத்தில் கட்டினவன் காலைப் பிடித்துப் போட்ட மெட்டி. அவன் உயிரோடு இருக்கிறவரைக்கும் அது இறங்கக் கூடாது என்பதுதான் எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பிறந்தது முதல் காதில் ஓதிவைத்திருப்பது. பிரசவத்துக்குப் போனாலும் கழற்ற மாட்டேன் என்று நர்ஸோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு. அதில் வேற்று ஆம்பிளை நான் கை வைக்கவே முடியாது. பெண்களும் கை வைக்கவில்லை. டாக்டர் பார்த்துக்கொள்வார், விடு தம்பி என்றார் ஒருவர். கொலுசு கழற்றிய அதே பெண் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒரே விரலில் ரெண்டு மெட்டி, ரெண்டு காலிலும் அப்படித்தான். கடிபட்ட காலில் அது சதைக்குள் புதைய ஆரம்பித்திருந்தது. விரல் நுனி கறுக்கத் தொடங்கியதை நான் பார்த்தேன். அந்த சார் சொன்னது மண்டைக்குள் அடித்தது, வீங்கின பிறகு அதுவே கயிறு. இன்னும் கொஞ்சம் போனால் மெட்டி வராது, விரல்தான் வரும். இதை நான் அப்படியே சொன்னேன், நயமாகச் சொல்ல நேரமில்லை.

மருமகள் கண்ணைத் திறந்து மாமியாரைப் பார்த்தாள். அதிகம் பேசாத அந்தப் பெண் அப்போது பேசினாள்.

"வேணாங்கத்தை. அவரு வண்டியில இருக்காரு. எங்க போயிட்டிருக்காரோ. கழட்டாதீங்க, வெரலு போனாப் போவட்டும்."

கூடைக்காரம்மா அதுவரைக்கும் மருமகளின் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். எழுந்து கால்மாட்டுக்கு வந்தார். பஸ்ஸின் தரையில், அத்தனை பேரின் செருப்பு மண்ணில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எங்காலுலயும் கெட்டியாத்தான் கெடந்துச்சு மெட்டி. உம் மாமனாரு இருக்காரா?"

ஒரு விதவை, அதுவும் அவன் தாய், மருமகளின் மெட்டியில் கை வைக்கப் போகிறார். இதைவிட ஆகாத காரியம் எங்கள் ஊரில் வேறு கிடையாது. பின்னால் ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொள்வது எனக்குக் கேட்டது.

"அவன் எம் புள்ள. பெத்தவ நான் சொல்றேன், அவனுக்கு ஒண்ணும் ஆவாது. நீ காலை ஆட்டாத."

அவ்வளவுதான் பேசினார். ஒரு கையால் பாதத்தை ஆடாமல் ஏந்திக்கொண்டு, இன்னொரு கையின் கட்டைவிரல் நகத்தை மெட்டியின் பிளவில் நுழைத்தார். மண்ணைக் கிளறிக் கிளறிக் காய்த்த நகம். அது பிளந்து ரத்தம் வந்ததைக்கூட அவர் பார்க்கவில்லை. வாத்தியாரம்மா கைப்பையிலிருந்து தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை எடுத்து நீட்டினார். எண்ணெய் விட்டு, வெள்ளிக் கம்பியை நெம்பி அகலப்படுத்தி, விரல்மேல் நகர்த்தினார். முதல் மெட்டி வந்தது. அடுத்தது வர அடம் பிடித்தது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்த பிடியில் என் கை வலித்தது. அதுவும் வந்தது! மெட்டி இருந்த இடத்தில் ஆழமாக ஒரு வெள்ளை வளையம் தெரிந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் நுனியில் கறுப்பு மெல்ல விலகிச் சிவப்பு ஓடி வந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்ட அந்தப் பெண்தான் முதலில் அழுதார். பிறகு பஸ்ஸில் பாதிப் பேர் அழுதார்கள், எனக்கும் கண் கலங்கிவிட்டது. கூடைக்காரம்மா மட்டும் அழவில்லை. ரெண்டு மெட்டியையும் முந்தானை நுனியில் முடிந்துகொண்டு, மறுபடி தலைமாட்டுக்குப் போய் நெற்றியைத் தடவ ஆரம்பித்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் தயாராக நின்றது. பஸ்ஸை உள்ளேயே விட்டார்கள். நர்ஸம்மா ஒருவர் குச்சிக் கட்டைப் பார்த்து, கட்டாத முழங்காலைப் பார்த்து, மெட்டியில்லாத விரலைப் பார்த்து, யார் செய்தது இதெல்லாம் என்று கேட்டார். திட்டப் போகிறாரோ என்று நான் ஓரடி பின்வாங்கினேன். நல்ல வேலை பண்ணியிருக்கீங்க என்று சொல்லிவிட்டு ஸ்ட்ரெச்சரோடு ஓடினார். ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து ஆட்டாமல் வைத்து, உறைகிறதா என்று பார்த்தார்கள். உறையவில்லை. விஷமுறிவு மருந்து ஏற ஆரம்பித்தது. நம்ம பஸ் டிரிப் கட் ஆனால் ஆகட்டும், நீ இங்கேயே இரு, அந்தம்மாவுக்கு யாருமில்லை என்று சொல்லிவிட்டு டிரைவர் அண்ணன் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனார். பஸ்ஸில் போன ஒவ்வொருவரும் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி எனக்கு ஏதோ சொல்லிக்கொண்டே போனார்கள். உச்சிவெயில் ஏறும் நேரத்தில் டாக்டர் வெளியே வந்து, பிழைத்துக்கொள்வாள், காலுக்கும் ஒன்றும் ஆகாது என்றார். கடவுளே, அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! வராந்தாவில் நின்றிருந்த முன்பின் தெரியாத ஒரு ஆளைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

இப்போது நான் பஸ்ஸில் போவதில்லை. ஸ்டாண்டில் நின்று பஸ்களுக்கு நேரம் பார்த்து அனுப்புகிற வேலை. புதிதாக வருகிற கண்டக்டர் பையன்கள், முதலுதவி வகுப்புக்கு எதற்கு அண்ணே போகணும் என்று சலித்துக்கொண்டால், பிடித்து உட்காரவைத்து இந்தக் கதையை முழுசாகச் சொல்லாமல் விடமாட்டேன். அந்த மருமகள் இப்போது ரெண்டு பிள்ளைகளோடு ஸ்டாண்டுக்கு வரும், என்னைப் பார்த்தால் அண்ணா என்று சிரிக்கும். காலில் வேறு மெட்டி, எளிதாகக் கழற்றுகிற மாதிரி. கூடைக்காரம்மாவும் வருகிறார். மெட்டி கழற்றிய மாமியார் என்று ஊரில் கொஞ்ச நாள் ஒரு மாதிரி பேசினார்களாம். எம் மருமவ காலு, எம் புள்ள உசுரு, இதுல உங்களுக்கு எங்க வலிக்குது என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார். தைரியமான பொம்பளைடா என்று டிரைவர் அண்ணன் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தைரியம்தான். ஆனால் டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போனதற்குப் பிறகு வராந்தாவில் நடந்தது அண்ணனுக்குத் தெரியாது. எல்லாம் நல்லபடியாக முடிந்ததே என்று நான் துள்ளிக்கொண்டிருக்கிறேன், கூடைக்காரம்மா சுவரோரமாக வந்து, ஜாக்கெட்டுக்குள்ளிருந்து சின்ன போனை எடுத்து என்னிடம் நீட்டினார். மகனுக்குப் போடச் சொன்னார். போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போடச் சொன்னார். அதே குரல். டவர் கிடைக்காத இடமாக இருக்கும்மா என்றேன். இன்னொரு தடவை போடு என்று கையைக் காட்டினார். முந்தானை முடிச்சை இன்னொரு கை விடாமல் பிடித்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, பஸ்ஸில் அத்தனை பேர் முன்னால் அடித்துப் பேசிய நேரத்திலிருந்து இந்த அம்மா உள்ளுக்குள் எதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று. என் சந்தோஷமெல்லாம் அப்படியே நின்றுபோனது. நானும் பயந்துபோய் விடாமல் போட்டேன். போட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் மணி அடித்தது, யாரோ எடுத்தார்கள், லாரி என்ஜின் சத்தம் இரைச்சலாகக் கேட்டது. போனை அவர் காதில் வைத்தேன்.

அந்தப் பக்கம், "என்னம்மா?" என்று ஒரு சாதாரணக் குரல்.

அவர் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். "சாப்ட்டியாடா?" என்று கேட்டார். அவன் ஏதோ சொன்னான். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, போனை என்னிடம் நீட்டினார்.

"கொரலக் கேட்டுட்டேன். மத்ததை நீ சொல்லுப்பா."